காஜிப்பூர்: அபின் ஆலையின் இருநூறு ஆண்டுகள்

காஜிப்பூரில் கங்கைக் கரையோரம் உயரமான மதில் சூழ்ந்த ஒரு தொழிற்சாலை இருக்கிறது. 1820-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. கம்பெனி போனது, ராணியின் ஆட்சி வந்து போனது, சுதந்திரம் கிடைத்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. ஆலை அதே ஊரில், அதே சரக்கோடு இன்னும் இருக்கிறது. வாசலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை காவல் நிற்கிறது. ஆலைக் கழிவுநீரைக் குடித்துவிட்டுக் கிறங்கிக் கிடக்கும் குரங்குகளைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

உள்ளே இருப்பது அபின். இன்று அது மருந்துக்கான மூலப்பொருள். ஆனாலும் இந்த ஆலை சுகாதார அமைச்சகத்தின் கீழ் வரவில்லை. நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையின் கீழ்தான் வருகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் ஆலையின் பழைய கதை முழுவதும் வந்துவிடும்.

வங்காளத்து அபின் வாணிபத்தைக் கம்பெனியின் ஏகபோகமாக்கியவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். ஆண்டு 1773. அபின் கேடு விளைவிக்கும் ஆடம்பரப் பொருள், உள்நாட்டில் அதைப் புழங்க விடக்கூடாது, வெளிநாட்டு வணிகத்துக்கு மட்டும் அனுமதிக்கலாம் என்பது அவருடைய கருத்து. கேடு என்று தெரிந்தே, அதை யார் வீட்டுக்கு அனுப்பலாம் என்பதையும் முடிவு செய்திருந்தார். முதலில் குத்தகைக்காரர்களிடம் விட்டிருந்த கொள்முதலை 1797-க்குப் பிறகு கம்பெனி தன் ஏஜெண்டுகள் மூலம் நேரடியாக நடத்தியது. பீகாருக்குப் பாட்னா ஏஜென்சி, கிழக்கு உத்தரப் பிரதேசப் பகுதிக்குப் பனாரஸ் ஏஜென்சி. இந்தப் பனாரஸ் ஏஜென்சியின் தலைமையிடம்தான் காஜிப்பூர்.

சீனாவில் அபினுக்கு 1729-லேயே தடை வந்துவிட்டது; 1799-இல் அது இன்னும் இறுகியது. தேயிலை வாங்கச் சீனாவுக்குப் போகும் கம்பெனிக் கப்பலில் அபின் பிடிபட்டால் தேயிலை வாணிபமே முடங்கிவிடும். கம்பெனி கண்டுபிடித்த வழி எளிமையானது. விளைவிப்பது, காய்ச்சுவது, பெட்டியில் அடைப்பது எல்லாம் அரசு. கல்கத்தா ஏலத்தில் சுத்தியல் விழுந்ததும் சரக்கு தனியாருடையது. அதன் பிறகு ஜார்டின் மாதிசன் போன்ற நிறுவனங்களின் கப்பலில் அது எந்தக் கரைக்குப் போகிறது, யார் கைக்கு லஞ்சம் கொடுத்து இறங்குகிறது என்பது தனக்குத் தெரியாது என்று கம்பெனி சொல்லிக்கொள்ளலாம். ஏலத்தொகை மட்டும் தவறாமல் கஜானாவுக்கு வந்துவிடும்.

1839-இல் சீனப் பேரரசரின் ஆணையாளர் லின் சேஷூ இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைப் பறிமுதல் செய்து, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். அதற்குப் பதிலாகப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தன. 1842-இல் ஹாங்காங் கைமாறியது. அழித்த அபினுக்கும் சேர்த்துச் சீனா நஷ்டஈடு கட்டியது. இரண்டாவது அபின் போரின் நடுவே, 1858-இல், அபின் இறக்குமதிக்குச் சட்டப்படி சுங்கவரியே நிர்ணயமாகிவிட்டது. அதன் பிறகு ஒளித்துக் கொண்டுபோக வேண்டிய தேவைகூட இல்லை.

பணம் எவ்வளவு? 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 90,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் வெளியேறின. ஒரு பெட்டியின் எடை 60 கிலோவுக்குச் சற்று மேல். பிரிட்டிஷ் இந்திய அரசின் மொத்த வருவாயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இதிலிருந்தே வந்தது. நிலவரி முதலிடம், உப்பும் அபினும் அடுத்தடுத்த இடங்களில் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. உப்பு வரியைப் பற்றி நம் பள்ளிப் பாடத்தில் ஒரு யாத்திரையே இருக்கிறது. அபின் வருவாய்க்கு அப்படி ஒரு பாடம் கிடையாது. உப்பு நம் வயிற்றில் அடித்தது, அபின் சீனர்கள் வயிற்றில் அடித்தது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், அதில் பணம் பார்த்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனைக்குப் பெயர் தந்த ஜம்சேட்ஜி ஜீஜீபாய் சீன வாணிபத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அந்தச் செல்வத்தில் மத்திய இந்தியாவின் மால்வா அபினுக்குப் பெரும் பங்கு உண்டு.

மால்வா விவகாரம் தனி. அங்கே விளைந்த நிலம் சமஸ்தானங்களுடையது. கம்பெனி ஏகபோகம் செல்லாது. சிந்து வழியாகவும் போர்த்துகீசியத் துறைமுகங்கள் வழியாகவும் சரக்கு நழுவிக்கொண்டே இருந்தது. தடுத்துப் பார்த்து முடியாமல், பம்பாய்க்குக் கொண்டுபோகப் பெட்டிக்கு இவ்வளவு என்று கடவுவரி போட்டார்கள். 1843-இல் சிந்து கைக்கு வந்து கராச்சி வழி அடைபட்டதும் அந்த வரி படிப்படியாக ஏறியது.

அந்தக் காலத்து ஆலைக்குள் வேலை எப்படி நடந்தது என்பதற்கு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. 1850-களின் தொடக்கத்தில் வால்டர் ஷெர்வில் என்ற ராணுவ அதிகாரி வரைந்த பாட்னா ஆலையின் படங்கள் அச்சாகிப் பரவின. 1888-இல் காஜிப்பூர் ஆலையைப் பார்த்து ருட்யார்ட் கிப்ளிங் எழுதினார். அபின் பரிசோதகராக இருந்த ஈட்வெல் விரிவான குறிப்புகளை விட்டுச் சென்றிருக்கிறார். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு உருண்டை உருவாவதைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம்.

அபின் உருண்டைக்கு உறை, அந்தச் செடியின் பூவிதழ்தான். உதிர்ந்த இதழ்களைக் கிராமத்தில் சேகரித்து, மண் தட்டைச் சூடாக்கி அதில் பரப்பித் துணியால் அழுத்தினால் மெல்லிய ரொட்டி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆலையில் தொழிலாளி முன்னால் ஒரு பித்தளைக் கிண்ணம். மட்டமான அபினைக் கரைத்த பசையைத் தடவித் தடவி, இதழ் ரொட்டிகளை அதன் உட்புறம் அடுக்குவார். நடுவில் எடைபோட்ட அபின் கட்டி. மேலே மறுபடியும் இதழும் பசையும். வெளியே எடுக்கும்போது அது பீரங்கிக் குண்டு அளவில் இருக்கும். வெயிலில் காயவைத்து, கூரை வரை உயர்ந்த தட்டுகளில் அடுக்குவார்கள். பூஞ்சை பிடிக்காமல் திருப்பி வைக்கவும், வெடித்ததை ஒட்டவும், பூச்சி இருக்கிறதா என்று பார்க்கவும் சிறுவர்கள் தட்டுகளில் ஏறியிறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெட்டிக்கு 40 உருண்டை. காய்ந்த செடித்தூளை இடையில் திணித்து மூடினால் கல்கத்தாவுக்குத் தயார். பெட்டியின் மேலுள்ள முத்திரையை நம்பியே சீன வியாபாரி வாங்கினான். கலப்படம் செய்த விவசாயியின் சரக்கைப் பறிமுதல் செய்யும் அளவுக்கு அரசு தரத்தில் கறாராக இருந்தது. தடைசெய்யப்பட்ட சரக்குக்கு இவ்வளவு ஒழுங்கான தரக்கட்டுப்பாடு வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆலைக்குச் சரக்கு தந்த விவசாயி பக்கம் வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, மாசி பங்குனியில் காய் பருவத்துக்கு வரும். பிற்பகலில் நஷ்தர் என்ற பல முனைக் கத்தியால் காயைக் கீறிவிட வேண்டும். இரவெல்லாம் பால் கசிந்து உறையும். விடிகாலையில், வெயில் ஏறுமுன், சின்னத் தகட்டால் அதை வழித்தெடுக்க வேண்டும். ஒரே காயை நாள் விட்டு நாள் பலமுறை கீறலாம். வீட்டில் கையுள்ள எல்லோரும் வயலில் இருந்தாக வேண்டும். மழை பெய்தால் பால் கரைந்து போகும். காற்று பலமானால் செடி சாயும்.

இதற்கு அரசு வட்டியில்லாத முன்பணம் கொடுத்தது. நிலவரி கட்டும் தவணை நெருங்கும் நேரத்தில் ரொக்கமாகக் கையில் விழும் காசு அது. அதனால்தான் விவசாயி வாங்கினான், வாங்கியபின் விடமுடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேருக்குச் சுமார் 5 ரூபாய் விலை. பெட்டிக்கு ஏறக்குறைய 70 சேர் என்று வைத்தால் விவசாயிக்குப் போனது 350 ரூபாய். கல்கத்தாவில் அதே பெட்டி பல ஆண்டுகளில் ஆயிரம் ரூபாயைத் தாண்டி விலைபோனது. குத்தகை, எரு, நீர்ப்பாய்ச்சல், கூலி எல்லாம் கழித்தால் இந்தச் சாகுபடியில் விவசாயிக்கு நஷ்டமே என்று ரோல்ஃப் பாவர் என்ற ஆய்வாளர் அரசின் ஆவணங்களை வைத்தே 2019-இல் வெளிவந்த தன் நூலில் காட்டியிருக்கிறார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் இருந்தன. அவர்களைக் கண்காணிக்க குமாஸ்தாக்கள், ஜில்லேதார்கள், அவர்களுக்கு மேல் உதவித் துணை ஏஜெண்ட் என்று ஒரு படையே இருந்தது. பீகாரின் மோதிஹாரியில் அப்படியொரு அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் பிளேருக்கு 1903-இல் பிறந்த மகன்தான் பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல்.

இப்போது மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌருக்கோ நீமச்சுக்கோ மாசி மாதத்தில் போகிறவர், மேலே சொன்னதில் பாதியைக் கண்ணால் பார்க்கலாம். வரைபடம் தலைகீழாகிவிட்டது என்பது உண்மை. ஏகபோகத்தின் இதயமாக இருந்த பீகாரில் இன்று உரிமம் பெற்ற சாகுபடி கிடையாது. அன்று கம்பெனிக்குத் தலைவலியாக இருந்த மால்வாவும், பக்கத்து ராஜஸ்தானின் சித்தோர்கட், பிரதாப்கட் மாவட்டங்களும்தான் இன்று மையம். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட விவசாயிகள். ஆளுக்கு அரை ஏக்கர்கூட இருக்காது, பெரும்பாலும் பத்து 'ஆரி', அதாவது ஒரு ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்குதான்.

முன்பணம் போய் உரிமம் வந்திருக்கிறது. குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய நார்காடிக்ஸ் பணியகம் ஆண்டுதோறும் அதை வழங்குகிறது. அதிகாரி வந்து வயலை அளக்கிறார். ஊருக்கு ஒரு லம்பர்தார். கம்பெனி காலத்துப் பதவிப் பெயர் அப்படியே நிற்கிறது. தினமும் யார் வீட்டில் எவ்வளவு வழித்தார்கள் என்று பதிவேட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. சித்திரை வாக்கில் கொள்முதல் மையத்தில் வரிசையில் நின்று பாத்திரத்தோடு எடைக்கு வைக்க வேண்டும். ஈட்வெல் காலத்தில் பனாரஸ் ஏஜென்சியின் அளவுகோல், நூற்றுக்கு எழுபது பங்கு திடப்பொருள் என்ற கெட்டித்தன்மை. இன்றும் எடையை 70 டிகிரி கெட்டித்தன்மைக்கு மாற்றித்தான் பணம் கணக்கிடுகிறார்கள். பதம் பார்ப்பது அன்று 'பர்க்கியா' என்ற கைதேர்ந்த ஆள். இன்று மையத்தில் முதல் சோதனை, பிறகு ஆலையின் ஆய்வகம். நிர்ணயித்த அளவு மார்பின் தேறவில்லையென்றால் அடுத்த ஆண்டு உரிமம் போய்விடும்.

விலை கிலோவுக்கு ஆயிரத்துக்கும் கீழே தொடங்கி, விளைச்சலைப் பொறுத்துப் படிப்படியாகச் சில ஆயிரங்கள் வரை போகும். கள்ளச்சந்தை அதைப் பல மடங்கு விஞ்சும். அங்கேதான் பிரச்சினையும். வீட்டில் உலரும் பாலுக்கு இரவும் பகலும் காவல். நீலான் மாடு வராமல் வேலி. கிளிகள் காயோடு கொத்திக்கொண்டு பறக்கின்றன என்று வயலுக்கு மேலே வலை கட்டுகிறார்கள். கீறல் தொடங்கும் நாளில் பூஜை போடுகிறவர்களைக் கேட்டால், அரசு தரும் விலைக்காக யாரும் இதைப் பயிரிடவில்லை என்று வெளிப்படையாகவே சொல்வார்கள். உரிமம் இருந்தால் ஊரில் மரியாதை. கசகசா விதையைத் தனியே விற்கலாம். மீதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இவ்வளவு பெரிய வருவாயை ஆங்கிலேயர்கள் எப்படி விட்டார்கள்? விருப்பப்பட்டு விடவில்லை. லண்டனில் மதச் சீர்திருத்தக்காரர்கள் கூச்சலிட்டபோது 1893-இல் ராயல் கமிஷன் அமைத்தார்கள். பிராஸி பிரபு தலைவர். நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்து, ஏழு தொகுதி அறிக்கை தந்து, இந்தியாவில் அபின் பெரிய கேடு செய்யவில்லை, வருவாயை இழக்கும் நிலையில் அரசு இல்லை என்ற முடிவுக்கு 1895-இல் வந்தார்கள். ஹென்றி வில்சன் என்ற உறுப்பினர் மட்டும் மாறுபட்டுக் கையெழுத்திட்டார். அந்த ஏழு தொகுதிகளும் ஒரு பட்ஜெட் கவலையை ஒழுக்க விசாரணை என்ற பெயரில் எழுதிய ஆவணமாகவே எனக்குப் படுகின்றன. அபின் வருவாயின் பங்கு குறைந்துவிட்டிருந்த 1906-இல், அதே வாணிபம் ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 1907-இல் சீனாவோடு உடன்பாடு. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 1913-இல் சீனாவுக்கான ஏற்றுமதி நின்றது.

அந்தக் கடைசி ஆண்டுகளிலும் ஒரு வேடிக்கை நடந்தது. சரக்கு குறையக் குறைய விலை தாறுமாறாக ஏறியதால் எதிர்பார்த்ததைவிட அதிகப் பணம் கஜானாவில் சேர்ந்தது. மறுபக்கம், வரப்போகும் இழப்பைச் சொல்லி 1910-இல் வெள்ளி, புகையிலை, பெட்ரோலியம் மீது வரி ஏற்றியும் ஆயிற்று. பாட்னா ஏஜென்சி 1911 வாக்கில் மூடப்பட்டது. குல்ஜார்பாகில் இருந்த அதன் கிடங்குக் கட்டடங்கள் அரசு அச்சகமாயின. ஷெர்வில் வரைந்த உருண்டை அடுக்குகள் நின்ற வளாகத்தில் அரசிதழ் அச்சாகத் தொடங்கியது.

சீனக் கரை மூடினாலும் வேறு கரைகள் இருந்தன. சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பல ஆண்டுகள் ஏறக்குறைய பாதி அபினிலிருந்தே வந்தது. பெரும்பாலும் இந்தியச் சரக்கு. புகைத்தவர்கள் துறைமுகத்திலும் வெள்ளீயச் சுரங்கத்திலும் உழைத்த சீனக் கூலிகள். 1910-இல் அங்கே அரசே காய்ச்சி விற்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டது. புகைக்கத் தயாரான அபினுக்குப் பெயர் சண்டு. அதைக் காய்ச்சிய ஆலையை ஒட்டிய சிங்கப்பூர்க் குன்று இன்றும் புக்கிட் சண்டுதான். அங்கே 1942 பிப்ரவரியில் நடந்த போரை நினைவுகூரும் அருங்காட்சியகம் இருக்கிறது. அன்று அரசு வருவாயில் பாதியைத் தந்த அதே பொருளை, இன்று அந்நாட்டில் 1,200 கிராமுக்கு மேல், 30 கிராமுக்கு மேல் மார்பின் உள்ளதாகக் கடத்தினால் மரண தண்டனை. நம்மூர்க் குருமாவுக்கு அரைக்கும் கசகசா இதே செடியின் விதை என்பதால் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. பலருக்கு விமான நிலையத்தில்தான் இது தெரிய வருகிறது.

காஜிப்பூர் பிழைத்ததற்குக் காரணம் மருந்து. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், மார்பின், கோடீன் பிரித்தெடுக்கும் பிரிவு அங்கே வந்தது. நீமச்சிலும் ஓர் ஆலை உருவாகி, 1976-இல் அங்கும் அந்தப் பிரிவு சேர்ந்தது. காயைக் கீறிப் பால் எடுத்து, அதைச் சட்டப்படி ஏற்றுமதி செய்யும் ஒரே நாடு இப்போது இந்தியா. மருந்துக்கு வாங்கும் மூலப்பொருளில் 80 சதவீதத்தை இந்தியாவிடமும் துருக்கியிடமும் வாங்க வேண்டும் என்று அமெரிக்கா 1981-இல் விதி செய்தது. சட்டப் புத்தகம் மட்டும் மெதுவாக நகர்ந்தது. 1857, 1878 ஆண்டுகளின் அபின் சட்டங்களைச் சுதந்திர இந்தியா 1985 வரை வைத்திருந்தது. பிறகு வந்த போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளை எவ்வளவு பயமுறுத்தியதென்றால், உலகுக்கு அபின் விற்கும் நாட்டில் புற்றுநோயாளிக்கு ஒரு மார்பின் மாத்திரை கிடைப்பது அரிதாயிற்று. 2014-இல்தான் அந்த விதிகளைத் தளர்த்தினார்கள்.

வருவாய்க் கணக்கில் இன்று இரண்டு ஆலைகளும் சேர்ந்து மத்திய அரசின் வரவில் ஒரு சதவீதத்தின் சிறு துணுக்குகூடத் தேறாது. ஏழில் ஒரு பங்கு கரைந்து கண்ணுக்குத் தெரியாத புள்ளியாகிவிட்டது. ஆனால் அந்தப் பணத்துக்காகக் கட்டிய இயந்திரம், அதாவது உரிமம், லம்பர்தார், எடைத் திருவிழா, அரசு மட்டுமே கொள்முதல் செய்வது, அரசு சொல்லும் விலை, எல்லாமே ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அன்று அது கஜானாவிலிருந்து சரக்கு ஒழுகாமல் பார்த்தது. இன்று கடத்தல்காரன் கைக்கு ஒழுகாமல் பார்க்கிறது.

சில ஆண்டுகளாக ஒரு மாற்றம் நடக்கிறது. காயைக் கீறாமலே உலரவிட்டு, தண்டோடு அறுத்து ஆலைக்கு அனுப்பும் உரிமங்களையும் அரசு வழங்கத் தொடங்கியிருக்கிறது. டாஸ்மேனியாவிலும் துருக்கியிலும் அப்படித்தான் செய்கிறார்கள். பாலே வெளியே வராததால் திருட்டு குறையும், ஆள்கூலியும் மிச்சம். தனியார் நிறுவனங்களையும் இந்தப் பணியில் சேர்க்க முயற்சி நடக்கிறது. மால்வா விவசாயிகளில் பலருக்கு இது பிடிக்கவில்லை. கீறும் உரிமம் கேட்டு ஒவ்வோர் ஆண்டும் மனு கொடுக்கிறார்கள். கீறாத காயில் வேலை குறைவு என்பது அவர்களுக்கும் தெரியும். பணமும் குறைவு என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.